அத்தியாயம் 9: டைரக்ட் கொடுக்கும் முன்

மே மாதத்து ஹைதராபாத்தில் வண்டிக்குள் ஃபேன் நின்றுபோனால் எல்லோரும் முதலில் திட்டுவது பேட்டரியை. பல நேரம் அது முழு சார்ஜோடு சும்மா உட்கார்ந்திருக்கும். அதற்கும் ஃபேனுக்கும் நடுவில் கைக்குள் அடங்கும் அளவில் ஒரு டப்பா இருக்கிறதே, கட்-ஆஃப் ரிலே, கோளாறு அங்கே இருக்கும். ராணிகஞ்சிலோ ஆட்டோ நகரிலோ ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனால், ரிலேயின் இரண்டு பெரிய கேபிள்களையும் ஒரே போல்ட்டில் மாட்டி இறுக்கிவிட்டு, "டைரக்ட் கர் தியா சாப்" என்பார். ஃபேன் ஓடும். கூலியைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

டைரக்ட் கொடுப்பது தப்பா? ஒரு வகை ரிலேயில் தப்பே இல்லை. நடுவழியில் மாட்டிக்கொண்டவருக்கு அதுதான் சரியான வழி. இன்னொரு வகையில் அதே வேலை இன்ஜின் பேட்டரியைக் காலி செய்யும், ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கொல்லும், நேரம் கெட்டால் கேபிளையே எரிக்கும். இரண்டு ரிலேக்களும் பார்க்க ஒரே மாதிரி இருப்பதுதான் சங்கடம். இந்த அத்தியாயத்தில் பாதி, அந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பது பற்றி. மாற்றுகிற வேலை அப்புறம் ஒரு மணி நேரச் சமாசாரம்.

இந்த வேலைக்கு ஹைதராபாத் வசதியான ஊர். 1996-ல் தொடங்கிய ராமோஜி ஃபிலிம் சிட்டி, ஊருக்குள் அன்னபூர்ணா ஸ்டுடியோ என்று படப்பிடிப்பு நிற்காத இடங்கள் இருப்பதால், நடிகர்களுக்கான கேரவன்கள் இங்கே வருஷம் முழுக்க ஓடுகின்றன. அவற்றின் வயரிங்கைப் பார்த்துப் பழகிய கைகளும் இருக்கின்றன. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். சினிமா கேரவன் ஜெனரேட்டரை நம்பி வாழ்கிற வண்டி. ஏசி, கண்ணாடி விளக்கு எல்லாம் 230 வோல்ட். அதில் பேட்டரி ரிலே கெட்டாலும் அன்றைய ஷூட்டிங் நிற்காது. அதனால் டைரக்ட் கொடுத்துவிட்டு மறந்துவிடுவார்கள். குடும்பத்தோடு ஶ்ரீசைலமோ விகாராபாத் பக்கத்து அனந்தகிரி மலையோ போய் ராத்தங்கும் உங்கள் டெம்போ டிராவலருக்கு அந்தச் சலுகை கிடையாது. உங்கள் விளக்கு, தண்ணீர் பம்ப், ஃபிரிட்ஜ் எல்லாமே அந்த ஒரு பேட்டரியில் தொங்குகின்றன. கேரவன் பார்த்துப் பழகியவர் என்பதற்காக அவர் சொல்வதை அப்படியே ஏற்க வேண்டாம்.

உங்கள் வண்டியில் இருப்பது எது?

தங்கிப் பயணிக்கும் வண்டியில் இரண்டு பேட்டரிகள் இருக்கும். இன்ஜினை ஸ்டார்ட் செய்ய ஒன்று. வண்டிக்குள் குடியிருக்க ஒன்று. முதலாவதை இன்ஜின் பேட்டரி என்றும் இரண்டாவதை வீட்டு பேட்டரி என்றும் இந்தப் புத்தகம் முழுக்கச் சொல்லி வருகிறேன். இவற்றைச் சுற்றி இரண்டு விதமான ரிலேக்கள் வேலை செய்கின்றன.

முதல் வகை, வீட்டு பேட்டரிக்கும் உள்ளே இருக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் நடுவில் இருப்பது. வண்டியை ஒரு மாதம் நிறுத்திவிட்டுப் போகும்போது எல்லாவற்றையும் ஒரே பட்டனில் துண்டிக்க. கட்-ஆஃப் ரிலே என்றால் முறைப்படி இதுதான். கதவருகே உள்ள சுவிட்சைத் தட்டினால் எங்கோ பெட்டிக்குள் 'டக்' என்று சத்தம் கேட்கும்.

இரண்டாவது, இன்ஜின் பேட்டரிக்கும் வீட்டு பேட்டரிக்கும் நடுவில் இருப்பது. இன்ஜின் ஓடும்போது இரண்டையும் இணைத்து வீட்டு பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும்; நின்றதும் பிரித்துவிடும். ஐசொலேட்டர் என்பார்கள். சாவி போட்டால் இணைவது பழைய பாணி. வோல்டேஜைப் பார்த்துத் தானே இணைவது புதிய பாணி: 13.3 வோல்ட் அளவுக்கு ஏறினால் சேரும், 12.8 அளவுக்கு இறங்கினால் பிரியும்.

கண்டுபிடிக்க எளிய வழி, கேபிளைப் பின்தொடர்வது. ரிலேயின் இரண்டு தடித்த கேபிள்களும் எங்கே போகின்றன? ஒன்று பேட்டரிக்கும் மற்றது ஃபியூஸ் பெட்டிக்கும் போனால் முதல் வகை. இரண்டுமே ஏதோ ஒரு பேட்டரியில் போய் முடிந்தால் இரண்டாவது வகை. கேபிள் சீட்டுக்கு அடியில் மறைந்துவிட்டால் மீட்டரை வையுங்கள். ரிலே ஆஃபில் இருக்கும்போது இரண்டு பெரிய போல்ட்டிலும் தனித்தனியாக 12 வோல்ட்டுக்கு மேல் வந்து, இரண்டும் சற்றே வேறுபட்டால் — ஒன்றில் 12.7, மற்றதில் 12.4 என்று — அது ஐசொலேட்டர். சோலார், சார்ஜர் இரண்டையும் நிறுத்திவிட்டு அளக்கவும். இல்லாவிட்டால் கணக்கு குழம்பும்.

அடுத்து, ரிலே எப்படிப் பிடித்து நிற்கிறது என்பது. கரண்ட் இருக்கும் வரை மட்டும் இணைந்திருப்பது சாதாரண சோலனாய்டு. அதன் காயில் 12 ஓம் என்றால் 1 ஆம்பியர் இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு நாளைக்கு 24 ஆம்பியர்-ஹவர். 100 ஆம்பியர்-ஹவர் பேட்டரியில் கால்வாசியைத் தான் மட்டுமே குடித்துவிடும். கட்-ஆஃப் வேலைக்கு இது தோதுப்படாது. அந்த இடத்தில் லாட்சிங் ரிலே போடுவதுதான் முறை. ஒரு சின்னத் துடிப்பு கொடுத்தால் இணையும், துருவம் மாற்றி இன்னொரு துடிப்பு கொடுத்தால் பிரியும், நடுவில் எதுவும் குடிக்காது. வெளிநாட்டு மோட்டார்ஹோம்களில் பரவலாக இருப்பது இதுதான். நம் ஊரில் கட்டும் வண்டிகளில் இரண்டையும் பார்க்கலாம். பணத்தை மிச்சம் பிடித்த பாடி பில்டர் சோலனாய்டைத்தான் வைத்திருப்பார்.

மீட்டரை எடுங்கள்

கடைக்குப் போகும் முன் அரை மணி நேரம் இதற்குச் செலவிடுங்கள். ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்ப் வைத்த டெஸ்ட் லேம்ப், பழைய எச்4 ஹெட்லைட் பல்ப் ஒன்று. இவ்வளவு போதும்.

முதலில் வீட்டு பேட்டரியின் முனையிலேயே அளந்து பாருங்கள். சார்ஜ் ஏற்றி சில மணி நேரம் ஓய்ந்த லெட்-ஆசிட் 12.6, 12.7 காட்டும், 12.2 என்றால் பாதிதான் மிச்சம். 11.5-க்குக் கீழே போயிருந்தால் ரிலேயைப் பற்றிய பேச்சையே நிறுத்திவிட்டு சார்ஜ் போடுங்கள். லாட்சிங் ரிலேயின் காயிலுக்கு உள்ளே இருக்கும் பிளஞ்சரைத் தள்ள ஒரு குத்து வேண்டும். சோர்ந்த பேட்டரியால் அது முடியாது. பட்டனைத் தட்டுவீர்கள், சத்தமே வராது, ரிலே செத்தது என்று முடிவு கட்டுவீர்கள். நல்ல ரிலேக்கள் குப்பைக்குப் போவது இப்படித்தான்.

லித்தியம் பேட்டரி என்றால் இன்னொரு சந்தேகம். அதன் உள்ளேயே ஒரு காவல் சர்க்யூட் இருக்கிறது. அளவுக்கு மீறிச் சூடானாலோ சார்ஜ் தீர்ந்தாலோ அதுவே வெளி முனையைத் துண்டித்துவிடும். கோடையில் வெயிலில் நிறுத்திய வண்டியின் மூடிய பெட்டிக்குள் வெப்பம் என்ன ஏறும் என்று நீங்களே கை வைத்துப் பாருங்கள். முனையிலேயே பூஜ்யமோ அரைகுறை வோல்டேஜோ வந்தால் குற்றவாளி ரிலே அல்ல.

பேட்டரி சரி என்றால், கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்துக்கொண்டு ரிலேயின் இரண்டு பெரிய போல்ட்டையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே வரும் பக்கமே வோல்டேஜ் இல்லை என்றால் நடுவில் உள்ள மெயின் ஃபியூஸோ, கேபிள் நுனி வளையமான லக்கோ போயிருக்கிறது. உள்ளே 12.6, வெளியே பூஜ்யம் என்றால் ரிலே இணையவில்லை. கட்-ஆஃப் ரிலேயை ஆஃபில் வைத்தும் வெளியே 12.6 வருகிறது என்றால் உள்ளே கான்டாக்ட் உருகி ஒட்டிக்கொண்டது. பெரிய இன்வெர்ட்டரை இந்த ரிலேயின் வழியாக ஓட்டும் வண்டிகளில் இதை எதிர்பார்க்கலாம். இன்வெர்ட்டரின் கப்பாசிட்டர்கள் முதல் நொடியில் இழுக்கும் இழுப்பு அப்படி.

இரண்டு பக்கமும் 12.6 வருகிறது, ஆனால் விளக்கு மங்குகிறது, பம்ப் முனகுகிறது என்பதுதான் ஆளை ஏமாற்றும் கோளாறு. மல்டிமீட்டர் கரண்டே இழுப்பதில்லை. அதனால் கருகிப்போன கான்டாக்ட் வழியாகவும் முழு வோல்டேஜைக் காட்டும். லோடு கொடுத்து அளந்தால்தான் உண்மை தெரியும். இதற்குத்தான் அந்த ஹெட்லைட் பல்ப். எச்4 பல்பில் 60 வாட், 55 வாட் என்று இரண்டு இழைகள். இரண்டையும் சேர்த்து எரித்தால் 12 வோல்ட்டில் 9 ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இழுக்கும். ரிலேயின் வெளிப்பக்கத்திலிருந்து நெகட்டிவுக்கு அதை இணையுங்கள். சீக்கிரம் கொதிக்கும், துணி, பிளைவுட் பக்கத்தில் வைக்காதீர்கள். இப்போது மீட்டரின் ஒரு முனையை ஒரு பெரிய போல்ட்டிலும் மறு முனையை மறு போல்ட்டிலும் வையுங்கள். காட்டுவது 0.05 வோல்ட்டுக்குள் இருந்தால் ரிலே நன்றாக இருக்கிறது. 0.1 தாண்டினால் சந்தேகம். 0.3 என்றால் காசு எடுத்துவைக்க வேண்டியதுதான்.

ஆனால் அதற்கு முன் ஒரு சின்ன வேலை. முனையைப் போல்ட்டின் தலையில் வைத்து ஒரு முறை, கேபிளின் லக்கில் வைத்து ஒரு முறை அளந்து பாருங்கள். போல்ட்டில் 0.03, லக்கில் 0.4 என்று வந்தால் ரிலே நிரபராதி. லக்தான் சரியாகப் பிடிக்கவில்லை. கழற்றினால் பச்சை பூத்திருக்கும், அல்லது லக்குக்கும் ரிலேயின் செம்புத் தட்டுக்கும் நடுவில் யாரோ ஒரு இரும்பு வாஷரைச் செருகியிருப்பார்கள். கரண்ட் முழுவதும் அந்த வாஷரைக் கடந்து போகிறது. 40 ஆம்பியர் ஓடும்போது அங்கே அரை வோல்ட் விழுந்தால் 20 வாட் சூடு; ஒரு சால்டரிங் அயர்ன் அளவுக்கு. பக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் பழுப்பேறி இருந்தால் காரணத்தைத் தேட வேண்டாம். லக் நேராகத் தட்டின் மேல், அதன் மேல் வாஷர், அதன் மேல் நட். வரிசை மாறக் கூடாது.

இணையவே மறுக்கும் ரிலேயில், குற்றம் காயிலிலா சுவிட்சிலா என்று பாருங்கள். காயிலின் சின்ன முனைகளில் டெஸ்ட் லேம்பை வைத்து, இன்னொருவரைப் பட்டனைத் தட்டச் சொல்லுங்கள். லாட்சிங் ரிலேயில் துடிப்பு அரை நொடிதான். டிஜிட்டல் மீட்டர் எண்ணைக் காட்டுவதற்குள் போய்விடும், பல்ப் கண்ணடித்துக் காட்டிவிடும். பல்ப் எரிந்தும் ரிலே அசையவில்லை என்றால் ரிலே போனது. பல்பே எரியவில்லை என்றால் சுவிட்ச், அதற்கான சின்ன ஃபியூஸ், எர்த் வயர், இந்த மூன்றில் ஒன்று. சில லாட்சிங் ரிலேக்களில் அந்தச் சின்ன ஃபியூஸ்கள் ரிலேயின் மேலேயே இருக்கும். சில ரூபாய் ஃபியூஸுக்காகப் பல ஆயிரம் ரூபாய் ரிலேயை மாற்றியவர்கள் உண்டு. ஸ்பானர் பிடியால் ரிலேயை லேசாகத் தட்டினால் வேலை செய்கிறதா? அது சிக்கிக்கொள்கிறது என்பதற்கான சாட்சி. சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை.

டைரக்ட்: யாருக்கு, எவ்வளவு நாள்

முதல் வகை, அதாவது வீட்டு பேட்டரிக்கும் ஃபியூஸ் பெட்டிக்கும் நடுவில் உள்ள கட்-ஆஃப் ரிலே கெட்டிருந்தால், தயங்காமல் டைரக்ட் கொடுக்கலாம். வெளி கரண்ட் இணைப்பைப் பிடுங்குங்கள். சோலார் பேனலின் சுவிட்சை முதலில் ஆஃப் செய்யுங்கள். பேனல் இணைந்திருக்க பேட்டரியைக் கழற்றினால் கன்ட்ரோலருக்கு ஆபத்து. கேஸ் சிலிண்டரை மூடுங்கள். மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டு, பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றுங்கள். பிறகு ரிலேயில் வெளிப்பக்கக் கேபிளைக் கழற்றி, உள்ளே வரும் கேபிளின் போல்ட்டிலேயே, லக்கோடு லக் ஒட்டும்படி போட்டு இறுக்குங்கள். கைபோன போக்கில் ஒரு ஒயர் துண்டைக் குறுக்கே கட்டுவது டைரக்ட் ஆகாது. அந்த ஒயர்தான் இனி வண்டியின் மொத்தக் கரண்டையும் சுமக்கும். நெகட்டிவைக் கடைசியில் மாட்டுங்கள்.

மெயின் ஃபியூஸ் வழியில் இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்க வேண்டும். ரிலேயைத் தாண்டிப்போன நல்ல மனிதர் சில நேரம் ஃபியூஸையும் தாண்டிப் போயிருப்பார்.

இப்படி எத்தனை நாள் ஓட்டலாம்? வண்டியில் ஆள் இருந்து தினமும் சார்ஜ் ஏறும் வரை பிரச்சினை இல்லை. நிறுத்திவைத்தால்தான் தொல்லை. இன்வெர்ட்டர் ஸ்டாண்ட்பை, கேஸ் அலாரம், மியூசிக் சிஸ்டம் எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர் இழுத்தாலும் நாளுக்கு 12 ஆம்பியர்-ஹவர். 150 ஆம்பியர்-ஹவர் டியூபுலர் பேட்டரி ஒரே வாரத்தில் பாதிக்குக் கீழே போய்விடும். அப்படியே மாதக்கணக்கில் விட்டால் பிளேட்டில் சல்பேட் படிந்து, அப்புறம் சார்ஜ் ஏறவே ஏறாது. ஆகவே வீடு திரும்பியதும் நிறுத்துகிற நாளில் நெகட்டிவைக் கையால் கழற்றிவையுங்கள்.

இரண்டாவது வகையில், ஐசொலேட்டரில், டைரக்ட் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் இரண்டு பேட்டரியும் எப்போதும் ஒன்றாக இருக்கும். ராத்திரி ஃபேன் ஓடும்போது இன்ஜின் பேட்டரியும் சேர்ந்து வற்றும். காலையில் செல்ஃப் எடுக்காது. அது சின்னத் தொல்லை. பெரியது, செல்ஃப் எடுக்கும் அந்தக் கணம். டீசல் இன்ஜினைச் சுற்ற ஸ்டார்ட்டர் நூற்றுக்கணக்கான ஆம்பியர் கேட்கும். இன்ஜின் பேட்டரி சோர்ந்து, வீட்டு பேட்டரி தெம்பாக இருந்தால், அந்தக் கரண்ட் வீட்டு பேட்டரியிலிருந்து நடுவில் உள்ள கேபிள் வழியாகவே பாயும். அந்தக் கேபிளைச் சார்ஜ் ஏற்றுவதற்கென்று 10 சதுர மில்லிமீட்டரில் போட்டிருப்பார்கள். அது தாங்காது. வீட்டுப் பக்கம் லித்தியம் என்றால் ஆல்டர்னேட்டர் கதி இன்னும் மோசம். லித்தியம் கிடைப்பதையெல்லாம் விழுங்கும்; டிராஃபிக்கில் குறைந்த வேகத்தில் ஓடும் இன்ஜினில் ஆல்டர்னேட்டரின் ஃபேன் காற்றும் குறைவு; கொதித்தே போகும்.

ஐசொலேட்டர் கெட்டால் நடுவழியில் செய்ய வேண்டியது நேர் எதிரானது. இரண்டையும் பிரித்தே விடுங்கள். இரு கேபிள்களின் லக்கையும் தனித்தனியாக இன்சுலேஷன் டேப் சுற்றிக் கட்டிவையுங்கள். வீட்டு பேட்டரிக்கு சோலாரும் வெளி கரண்டும் போதும். இந்த ரிலேயில் கை வைக்கும் முன் ஒரு எச்சரிக்கை: அதன் இரண்டு பக்கமும் பேட்டரி. ஒரு நெகட்டிவைக் கழற்றிவிட்டு ஆபத்து நீங்கியது என்று நினைத்தால் மறு பக்கம் உயிரோடு இருக்கும். இரண்டு நெகட்டிவையும் கழற்ற வேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 டீசல் வண்டியில் சாவியை எடுத்தவுடன் இன்ஜின் பேட்டரியைக் கழற்றவும் கூடாது. யூரியா ஊற்றும் மாடல்களில் இன்ஜின் நின்ற பிறகும் பம்ப் சற்று நேரம் ஓடி, குழாயைக் காலி செய்யும். வண்டிக் கையேட்டில் சொல்லியிருக்கும் நிமிடங்கள் வரை பொறுங்கள்.

இன்ஜின் ஓடும்போது எந்த பேட்டரியையும் துண்டிக்காதீர்கள் என்பதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் 'பேட்டரி சரியா என்று பார்க்க' ஓடும் இன்ஜினில் டெர்மினலைக் கழற்றும் வழக்கம் இன்னும் ஒர்க்‌ஷாப்களில் இருக்கிறது. சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும்போது பேட்டரி திடீரென விலகினால் ஆல்டர்னேட்டரின் வோல்டேஜ் எகிறி அதன் டயோடையும், இசியூவையும் சேர்த்துப் பதம் பார்க்கும். யாராவது அப்படிக் கை வைக்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

ராணிகஞ்சில் என்ன கேட்பது

செகந்தராபாத்தின் ராணிகஞ்ச் வண்டி உதிரிபாகங்களுக்கான பழைய சந்தை. விஜயவாடா நெடுஞ்சாலையில் வருபவர்களுக்கு வனஸ்தலிபுரம் பக்கம் ஆட்டோ நகர் கிட்டே. ஞாயிற்றுக்கிழமையை நம்பிப் போகாதீர்கள்.

அங்கே 'சோலனாய்டு' என்று மட்டும் கேட்டால் கையில் வருவது ஸ்டார்ட்டர் சோலனாய்டு. பார்க்க அதே உருளை, அதே இரண்டு போல்ட், விலையும் மலிவு. ஆனால் அது சில நொடி வேலைக்குச் செய்தது. மணிக்கணக்கில் ஆன் செய்து வைத்தால் காயில் கருகிவிடும். "செல்ஃப் வாலா நக்கோ பாய், கண்டினியூஸ் டியூட்டி வாலா ஹோனா" என்று சொல்லுங்கள். அந்த ஊர் உருது இவ்வளவு தெரிந்தால் போதும், கடைக்காரர் முகம் மாறிவிடும். வாங்கிய பிறகு காயிலை ஓம் மீட்டரில் அளந்து பாருங்கள். கண்டினியூஸ் டியூட்டி காயில் பொதுவாகப் பத்து ஓமுக்கு மேலே இருக்கும். ஒன்று, இரண்டு ஓம் காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

காயில் வோல்டேஜைப் படித்து வாங்குங்கள். டெம்போ டிராவலர் 12 வோல்ட். பஸ் சேசிஸில் கட்டிய பெரிய கேரவன்களில் இரண்டு பேட்டரியைத் தொடராக இணைத்து 24 வோல்ட். 12 வோல்ட் காயிலில் 24 கொடுத்தால் கரண்ட் இரட்டிக்கும், சூடு நான்கு மடங்காகும். ஒரு பகல் தாங்காது. காயிலுக்குக் குறுக்கே டயோடு வைத்த ரிலே என்றால் பிளஸ், மைனஸ் மாறக் கூடாது. மாறினால் டயோடு ஷார்ட்டாகி ஃபியூஸ் போகும்.

ட்ரூப் பஜாரின் எலக்ட்ரிக்கல் கடைகளில் வீட்டு எம்சிபியையோ ஏசி கான்டாக்டரையோ 'இதுவும் ஸ்விட்ச்தானே' என்று தருவார்கள். வேண்டாம். ஏசி கரண்ட் நொடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடும். தீப்பொறி தானாக அணையும். டிசி அப்படி ஓய்வதில்லை. டிசிக்கென்று மதிப்பிட்ட எண் அச்சாகி இருக்கும் சாமான்தான் வாங்க வேண்டும்.

இப்போது என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். கட்-ஆஃப் வேலைக்கு மறுபடி ஒரு ரிலே தேவையா? பேட்டரிப் பெட்டி கை எட்டும் இடத்தில் இருந்தால் தேவையில்லை. நல்ல கைத்திருகு சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். காயில் இல்லை, கன்ட்ரோல் ஒயர் இல்லை, சோர்ந்த பேட்டரியிலும் வேலை செய்யும், ஆன் ஆஃப் கண்ணுக்குத் தெரியும். படகுகளுக்குச் செய்யும் ப்ளூ ஸீ போன்றவர்களின் சுவிட்சில் தொடர்ச்சியாக 300 ஆம்பியர் தாங்கும் மாடல் உண்டு, விலை உறைக்கும். சந்தையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிவப்புச் சாவி சுவிட்சிலும் பெரிய எண் அச்சிட்டிருப்பார்கள். எண்ணை நம்பாதீர்கள். உள்ளே தட்டு செம்பா, முலாம் பூசிய இரும்பா என்று காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டினால் வைத்துவிட்டு வாருங்கள். கதவருகே பட்டன் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம் பிடித்தால் மட்டும் லாட்சிங் ரிலே, அதிலும் கையால் தள்ளி இணைக்கும் வசதி உள்ளதாக.

எந்த ரிலேயானாலும் தேவைக்கு இரண்டு மடங்கு எடுங்கள். அதில் அச்சிட்ட ஆம்பியர் இதமான அறை வெப்பத்துக்கான கணக்கு. தெலங்கானா கோடையில் மூடிய பெட்டிக்குள் அது செல்லுபடியாகாது. இன்வெர்ட்டரை இதன் வழியே கொண்டுபோகவும் வேண்டாம். 1000 வாட் இழுக்கும்போது 12 வோல்ட் பக்கம் 90 ஆம்பியருக்கு மேல் ஓடும். அதற்குத் தனி ஃபியூஸ், தனி சுவிட்ச்.

ஐசொலேட்டரை மாற்றுபவர்களுக்கு வேறு பதில். லெட்-ஆசிட்டும் பழைய வண்டியும் என்றால் வோல்டேஜ் பார்த்து இணையும் ரிலே போதும். லித்தியம் அல்லது பிஎஸ்6 வண்டி என்றால் ரிலேயே வேண்டாம், டிசி-டிசி சார்ஜர் போடுங்கள். அது இழுக்கும் கரண்டுக்கு ஒரு வரம்பு வைக்கும், ஆல்டர்னேட்டர் பிழைக்கும்.

மாட்டும்போது

கழற்றும் முன் மொபைலில் நாலு பக்கத்திலிருந்தும் படம் எடுங்கள். ஒவ்வொரு கேபிளிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பெயர் எழுதுங்கள். பழைய கேபிளின் லக் கறுத்திருந்தால் முனையை வெட்டிப் புது லக் போடுங்கள். சுத்தியலால் தட்டியது கிரிம்பிங் ஆகாது, ஹைட்ராலிக் கிரிம்பர் உள்ள கடையில் கொடுங்கள். புதுக் கேபிள் வாங்கினால் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம்.

ரிலேயை ஆடும் பிளைவுட்டில் திருகாதீர்கள்; உறுதியான பலகையில், தண்ணீர் தேங்காத உயரத்தில் வையுங்கள். வாயு வெளியேறும் டியூபுலர் பேட்டரிக்கு நேர் மேலே வைப்பது கூடவே கூடாது; சார்ஜ் ஏறும்போது வருவது ஹைட்ரஜன், ரிலே தருவது பொறி. M8 நட்டுக்கு 13-ஆம் நம்பர் ஸ்பானர், அடியில் உள்ள நட்டை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். பிடிக்காமல் திருகினால் போல்ட் உள்ளேயே சுற்றி, புது ரிலே முதல் நாளே போய்விடும். இறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம், இறுக்கும் முன் அல்ல. கேஸ் அலாரத்தின் ஒயர் மட்டும் கட்-ஆஃப்பிற்கு முன்னாலேயே, சின்ன ஃபியூஸோடு பேட்டரிப் பக்கம் சேரட்டும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுப் படுக்கும் ராத்திரியில்தான் அது விழித்திருக்க வேண்டும்.

முடிந்ததும் ஹெட்லைட் பல்பை மறுபடி போட்டு இரண்டு போல்ட்டுக்கும் குறுக்கே அளந்து, வரும் எண்ணைத் தேதியோடு பெட்டியின் மூடியில் மார்க்கரால் எழுதிவையுங்கள். அவுட்டர் ரிங் ரோட்டை ஒரு முழுச் சுற்று சுற்றினால் 158 கிலோமீட்டர். அவ்வளவு ஓட்டிய பிறகு இன்ஜினை நிறுத்தி, நெகட்டிவைக் கழற்றிவிட்டு நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். புது லக் முதல் ஓட்டத்தில் கொஞ்சம் அமரும். அடுத்த கோடைக்கு முன் அதே பல்பை வைத்து அளக்கும்போது மூடியில் எழுதிய எண்ணைவிட இரண்டு மடங்கு வந்தால், ரிலேயை வாங்கக் கிளம்பாமல் முதலில் லக்கைக் கழற்றிப் பாருங்கள்.